பிச்சையா பிள்ளையின் கூஜா

சுறா ஈரலைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முழங்கை நீளத்துக்கு, வழவழவென்று, சாம்பலும் மஞ்சளுமாக ஓலைப்பெட்டிக்குள் மடிந்து கிடக்கும். அதைத் துண்டு போட்டு, கொப்பரையில் தள்ளி, நீராவி விட்டு வேகவைத்தால் எண்ணெய் பிரிந்து மேலே வரும். அப்போது கிளம்புகிற நாற்றம் இருக்கிறதே, அதை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த நாற்றத்துக்குள் நின்று பிழைக்க வேண்டும் என்று பிச்சையா பிள்ளையின் தலையில் எழுதியிருந்தது. அவரோ திருநெல்வேலிச் சைவப் பிள்ளை. சைவம் என்றால் ஏதோ வெள்ளிக்கிழமைச் சைவம் இல்லை. மீன்காரி தெருவில் கூவிக்கொண்டு போனால் கதவைச் சாத்திச் சாம்பிராணி போடுகிற சைவம். புதுச் சட்டி வாங்கினால்கூட, 'இதிலே முன்னாடி யாரும் ஏதும் வைக்கலையே' என்று உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். கடைக்காரனுக்கு எரிச்சலாக வரும். பிள்ளைக்கு அதைப் பற்றி என்ன?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மனைவி வடிவாம்பாள், மாமன் மகள்தான். ஆறு வயதில் ஒரே பெண், பகவதி. பிள்ளை ஒரு பஸ் கம்பெனியில் பிட்டராக இருந்தார். யுத்தம் வந்தது, பெட்ரோல் போயிற்று, பஸ்ஸும் படுத்தது. அதே யுத்தத்தில்தான் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மீன் எண்ணெயும் கப்பல் இல்லாமல் நின்றது. ஆஸ்பத்திரிக்கும் பட்டாளத்துக்கும் அது வேண்டுமே! நம் கடலில் சுறாவுக்கா பஞ்சம் என்று யாருக்கோ தோன்ற, திருவல்லம் தாண்டி விழிஞ்ஞம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை முளைத்தது. அதற்கு மானேஜராக வந்தவன் தாசையன், பழைய பஸ் கம்பெனிப் பழக்கம்.

"அண்ணாச்சி, மீனை நீர் தொடவே வேண்டாம். குழாயைத் தொட்டாப் போதும்," என்றான் தாசையன்.

பிள்ளை நம்பினார். என்ன ஏமாளித்தனம்! கொப்பரையிலிருந்து வடிகட்டுகிற துணிக்கும், அங்கிருந்து பீப்பாய்க்கும் தலைக்கு மேலே போகிறது குழாய். அதில் ஏழு இடத்தில் ஜாயிண்ட். சணலைச் சுற்றி வெள்ளைக் களிம்பு பூசி முறுக்கியிருந்தார்கள். தண்ணீருக்கு அது போதும். சூடான எண்ணெயோ, களிம்பைத் தின்றுவிட்டுச் சணல் வழியாக ஊறி வந்து சொட்டும். முதல் நாள், முதல் மணி நேரத்தில், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் மேல் உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது. ஓடிப்போய்த் தென்னை மூட்டில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். ஈரல் வெட்டிக்கொண்டிருந்த விழிஞ்ஞத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் உரக்கச் சிரித்தவள் ரோஸ்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்ததில்லை. கொல்லைப்புறமாக நுழைந்து நேரே கிணற்றடி. முதலில் செங்கல்பொடி, அப்புறம் புளி, அப்புறம் சீயக்காய். தோல் உரிகிற மட்டும் தேய்ப்பார். உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு உட்காருவார். கையை மூக்கருகே கொண்டுபோவார். "அய்யே!" மறுபடியும் எழுந்து கிணற்றடிக்குப் போவார். விரலால் சோற்றைத் தொட மனம் வராமல், பலா இலையைக் கோட்டி ஈர்க்குக் குத்தி, கஞ்சி குடிக்கிற மாதிரி சாம்பார் சாதத்தைக்கூட அள்ளித்தான் சாப்பிட்டார். பகவதியைத் தொடுவதையும் விட்டுவிட்டார். ஓடிவந்து காலைக் கட்ட வந்தால், "கிட்ட வராதட்டி, அப்பா நாறுதேன்," என்று கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்வார். அந்தப் பிள்ளை இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பகவதியும் அப்பனை உரித்து வைத்தது. கீரையைக் கண்டால் குமட்டும். பால் ஏடு பட்டால் வாந்தி. முருங்கைக்கீரையைப் பருப்பில் மறைத்து வைத்தாலும் கண்டுபிடித்துத் துப்பிவிடும். குச்சி குச்சியாகக் கையும் காலும். அந்த வருஷம் மழை பிடித்த ஆனி மாதத்தில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வடிவாம்பாள் ஒன்றைக் கவனித்தாள். வெளிச்சம் மங்கியதும் குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு நடந்தது. தண்ணீர்ச் செம்பை எதிரே வைத்தால் வேறு பக்கம் கையை நீட்டியது. ஒருநாள் நிலைப்படியில் மோதி நெற்றி புடைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "மாலைக்கண். இப்படியே விட்டால் கருவிழியில் புண் வரும், அப்புறம் பகலிலும் தெரியாது," என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றபோது கம்பவுண்டர் சத்தமாகப் படித்தான்: "சுறா எண்ணெய், தினம் ஒரு கரண்டி."

பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. எந்தச் சனியனைக் கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துத் தொலைக்கிறாரோ, அதைக் கரண்டியில் ஊற்றிப் பெற்ற பிள்ளையின் வாயில் விடவா? வாசலுக்கு வந்தார். சீட்டை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார்.

"அத்தான்," என்றாள் வடிவாம்பாள்.

"நான் உசிரோட இருக்க மட்டும் அது நம்ம வீட்டு வாசப்படி ஏறாது. அம்மனுக்குக் கண்மலர் சாத்துதேன்னு நேர்ந்துக்கோ."

வடிவாம்பாள் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வாரத்தில் ஒரு கூத்து நடந்தது. பெருமழையில் பிள்ளை சாப்பாட்டுத் தூக்கைக் கொட்டகையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் ஞாயிறு. சாலைச் சந்தைக்குக் கருவாடு விற்க வந்த ரோஸ், வழியில்தானே என்று அதை அவர் வீட்டுக் கொல்லை வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். பிள்ளை கோயிலிலிருந்து திரும்பி வந்து கேட்டதும் தாம்தூம் என்று குதித்தார்.

"மீன்காரி தொட்ட பாத்திரத்தை நீ வாங்கலாமா? வீட்டுக்குள்ள வந்தாளா?"

"கொல்லையிலதான் நின்னா. மழைன்னு கொஞ்ச நேரம் ஒதுங்கினா," என்றாள் வடிவாம்பாள்.

தூக்கைப் புளி போட்டுத் தேய்த்து, நெருப்பில் காட்டி, அதற்கும் மனசு ஆறாமல் பரண்மேல் போட்டுவிட்டு வேறு வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தேங்காய்ச் சிரட்டையைக் கண்டார். மூன்றாவது ஜாயிண்ட், துணியில் வடிந்து தெளிந்த எண்ணெய் வருகிற இடம். அதற்கு நேர் கீழே ஒரு சுத்தமான சிரட்டை. சொட்டு சொட்டாக விழுந்து கால்வாசி நிறைந்திருந்தது. வேலை முடிந்ததும் ரோஸ் வந்து, அதைச் சின்னக் குப்பியில் ஊற்றி மடியில் செருகினாள்.

"என்னளா இது?"

"வெறுதே தரையில போறதுதானே பிட்டரண்ணே," என்று அவள் பல்லைக் காட்டினாள்.

தரையில் விழுவதையும் நக்குகிற பிறவி என்று பிள்ளைக்கு அருவருப்பாக இருந்தது. வள்ளத்துக்குப் பூசவோ, விளக்கு எரிக்கவோ விற்கிறாள் போல. ஒருநாள் வேண்டுமென்றே சிரட்டையைக் காலால் தட்டிவிட்டார். ரோஸ் அதைப் பொறுக்கினாள். கழுவி எடுத்து வந்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். பிள்ளை அன்றைக்கே முடிவு செய்தார். ஒரு சொட்டு விழக் கூடாது. தன் மேலும் விழக் கூடாது, அவள் சிரட்டையிலும் விழக் கூடாது.

சொல்வது சுலபம். சணலுக்குப் பதில் ரப்பர் வாஷர் வைத்தார். ஊரெல்லாம் ரப்பர்த் தோட்டம், அதற்கென்ன குறைச்சல்! நாலே நாளில் அது எண்ணெயைக் குடித்து, ஊறின அப்பளமாக வெளியே பிதுங்கியது. தொட்டால் விரலோடு வந்தது. ஈயம் உருக்கி ஊற்றலாம் என்றால், வயிற்றுக்குள் போகிற மருந்தில் ஈயம் கலக்கலாமா என்று தாசையன் கையை உதறினான்.

"தோல் வாஷர் போடும்வே. எண்ணெய்க்கு அதுதான் நிக்கும்."

"மீன் போதாதுன்னு மாட்டுத் தோல் வேறயா? எனக்கு ஒரு குழியைத் தோண்டி உள்ள தள்ளிரும்!" என்று பிள்ளை ஸ்பானரைத் தரையில் போட்டார்.

வழி கிடைத்தது ரயிலில். வடிவாம்பாளின் தங்கை வீட்டு விசேஷத்துக்குத் திருநெல்வேலி போனார்கள். தம்பானூர் ஸ்டேஷனில் ஏறும்போதே பெட்டியில் நல்ல கூட்டம். பிள்ளை இரண்டு நாள் லீவு போட்டு, ஆறு தடவை குளித்து, புது வேட்டி கட்டி, சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார். கொல்லம் தாண்டவில்லை. எதிரே இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"யாரோ கருவாட்டு மூட்டையை ஏத்தியிருக்கான். சைவாள் வண்டியில வர வேண்டாமா? நாசமாப் போறவன்!"

பெட்டி முழுவதும் மூக்கை உறிஞ்சித் தேடியது. வடிவாம்பாள், "அடுத்த பெட்டியில இருந்து வருது போல," என்று கூசாமல் பொய் சொன்னாள். பிள்ளை காலைச் சுருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்தார். செத்துப்போகலாம் போல இருந்தது. அப்போதுதான் பலகைக்கு அடியில் கூஜா கண்ணில் பட்டது.

கண்ட இடத்துத் தண்ணீரைத் தொடாத குடும்பம் அல்லவா, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கூஜாவில் பிடித்து வந்திருந்தார்கள். வண்டி ஆட்டத்தில் அது சாய்ந்து கிடந்தது. அங்கும் இங்கும் உருண்டது. தலைகீழாக நின்றது. மூடியைச் சுற்றி ஒரு பொட்டு ஈரம் இல்லை. உள்ளே சணலா வைத்திருக்கிறான்? ரப்பரா? ஒன்றும் கிடையாது. பித்தளையும் பித்தளையும், நடுவில் ஒரு திருகு. செங்கோட்டை வருகிற வரை பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சுற்றிலும் திட்டுவதுகூடக் காதில் விழவில்லை.

ஊர் திரும்பியதும் கடைசல் பட்டறையில் போய் உட்கார்ந்தார். ஒரு குழாயின் முனைக்குப் புனல் வாய் மாதிரி உள்சரிவு. அடுத்ததன் முனைக்கு அதில் போய் அமருகிற மாதிரி வெளிச்சரிவு. இரண்டையும் இழுத்துப் பிடிக்க மேலே மரை போட்ட ஒரு வளையம். முகத்தோடு முகம் எமரிப் பொடி போட்டு, நாள் கணக்காகக் கையாலேயே இழைத்தார். மேஜைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பிரமாதம். கொட்டகையில் மாட்டினால், சொட்!

ஏன்? வீட்டுக்குக் கொண்டுவந்து, பகவதிக்குத் தீற்றுகிற கண்மையை எடுத்து உள்சரிவில் பூசினார். மற்றதை வைத்துத் திருகிப் பிரித்தார். மை ஒட்டின இடம்தான் தொட்ட இடம். நேராக வைத்தால் சுற்றிலும் ஒட்டியது. கொட்டகைக் குழாய் மாதிரி ஒரு நூல் கோணலாக வைத்தால் ஒரு பக்கம்தான் ஒட்டியது, மறுபக்கம் பல்லை இளித்தது. அப்படியே கூஜாவின் கழுத்துக்கும் மை பூசி மூடிப் பார்த்தார்.

"என் கூஜாவுக்குக் கண்ணெழுதுதியளா? அப்படியே ஒரு பொட்டும் வச்சிருங்க," என்றாள் வடிவாம்பாள்.

அவர் சிரிக்கவில்லை. மூடியின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு கறுப்பு வட்டம், எங்கும் அறுபடாமல். மூடியைச் சாய்த்துத் திருகினாலும் வட்டம் அறுபடவில்லை. கழுத்துதான் சரிவு, மூடியின் விளிம்பு உருண்டை! உருண்டை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுற்றிலும் ஒரு நூல் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். பிள்ளை கூஜாவைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஒரு ஆட்டம் ஆடினார். தொடப் போகிறாரோ என்று பகவதி கிட்டே ஓடிவந்தது. அவர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டார்.

அந்த மாதங்களில் வீட்டில் இன்னொரு நல்லதும் நடந்தது. பகவதி விளக்கு வைத்த பிறகும் சுவரைத் தடவாமல் நடந்தது. ஐப்பசி மாதத்தில், அந்தி மயங்கிய பிறகு, முற்றத்தில் உதிர்ந்து கிடந்த மல்லிகையை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளியில் கண்மலர் செய்து அம்மனுக்குச் சாத்தினார். "பாத்தியா? சுறா எண்ணெயாம்! அம்மனை விட்டா அந்த டாக்டர் பெரிசா?" என்று திரும்பி வரும்போது மார்தட்டினார். வடிவாம்பாள் குங்குமப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

உருண்டை முனையோடு ஏழு ஜோடி கடைந்து இழைத்துத் தீர மார்கழி ஆயிற்று. கடைசியில் மாட்டப்போகிற அன்று காலையில் வடிவாம்பாளிடம் கோலப்பொடி கேட்டார். குழாய்மேல் தூவி வைத்தால் எங்கே ஊறினாலும் கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

"எல்லாம் அடைஞ்சிருமா அத்தான்?"

"ஒரு சொட்டு விழாது."

"ஒண்ணுகூடயா?"

"ஒண்ணுகூட. உனக்கென்ன, இனிமே மனுஷனா வீட்டுக்கு வருவேன்."

அவள் ஒரு காகிதத்தைக் கிழித்தாள். பிறகு தன் கையாலேயே கோலப்பொடியை மடித்துக் கொடுத்தாள்.

கொட்டகையில் அவர் ஏணியை மூன்றாவது ஜாயிண்டுக்குச் சாய்க்கும்போது ரோஸ் கத்தியைப் போட்டுவிட்டு வந்தாள். "பிட்டரண்ணே, அந்த மூணாவதை மட்டும் விட்டுருங்க. புண்ணியமா இருக்கும்."

"சீ, போ! ஓட்டை வழியா வயிறு வளக்கப் பாக்கியா?"

அவள் கீழே இருந்த சிரட்டையை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போய்விட்டாள். பிள்ளை வளையத்தைத் திருகி இறுக்கினார்.

ஒரு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று. கோலப்பொடி ஏழு இடத்திலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. தாசையன் குழாயைத் தடவித் தடவிப் பார்த்து, "பிச்சையா கூஜா!" என்று பெயரே வைத்துவிட்டான். கொட்டகையில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். "கொச்சியில இருந்து ஒரு இன்ஜினீயரைக் கூட்டிட்டு வாரேன் அண்ணாச்சி. கப்பல், பாக்டரின்னு இது எங்கேயோ போகப் போகுது, பாத்துக்கிடும்," என்றான். பிள்ளை இப்போது கொப்பரைப் பக்கம் போவதே இல்லை. தனி அறையில், குழாயும் கடைசலுமாக வேலை. மெல்ல மெல்ல நாற்றம் விலகியது. மாசி மாதத்தில் ஒருநாள் கையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். சந்தனம்தான் மணத்தது.

அன்றைக்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். அந்தி நேரம், இன்னும் விளக்கு ஏற்றவில்லை. பகவதி கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அதன் எதிரே போய் நின்றார்.

குழந்தை அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தது. "யாரது?" என்றது.

"நான்தாம்ட்டி."

மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, நம்பாமல் பின்னால் நகர்ந்தது. தூணில் தலை இடித்துக்கொண்டது. "அம்மா, யாரோ வந்திருக்காங்க!" என்று அலறிக்கொண்டு, கையை முன்னால் நீட்டித் துழாவித் துழாவிச் சமையலறைப் பக்கம் போயிற்று.

"வடிவு! இது எப்பத்துல இருந்து?"

வடிவாம்பாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் பயம் இல்லை. வேறு என்னவோ இருந்தது.

"எண்ணெய் நின்ன ஒரு மாசத்துல இருந்து."

"எந்த எண்ணெய்?"

"நீங்க அடைச்ச எண்ணெய்."

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. தூக்கு கொடுக்க வந்த அன்று, கொல்லையில் ஒதுங்கி நின்ற ரோஸ், குழந்தை தடவி நடப்பதைப் பார்த்தது. எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது வராதே அக்கா என்று அவள் சொன்னது. கிழித்துப் போட்ட சீட்டைப் பற்றி இவள் அழுதுகொண்டே சொன்னது. வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது என்று இவள் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை கோயிலுக்குப் போயிருக்கும்போது, ரோஸ் ஒரு குப்பி எண்ணெயைக் கொல்லை வாசலில் வைத்துவிட்டுப் போனது.

"ஒரு காசு வாங்கல. ஒருவாய் தண்ணி கேக்கல. நீங்க சிரட்டையைத் தட்டிவிட்ட வாரம், அரைக் குப்பிதான் இருக்குன்னு மன்னிப்புக் கேட்டுட்டுப் போனா."

"அவ வீட்டுல ஈரல் இல்லையா? அங்க காய்ச்சித் தந்தா என்ன?"

"அதுவும் தந்தா. இவ வாயில வச்ச உடனே துப்பிட்டா. இது அது இல்லைன்னுட்டா." வடிவாம்பாள் பகவதியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்னு கேப்பிய. போனேன் அத்தான், போன வாரம். அங்க வாங்கினதையும் இது இல்லைன்னு துப்பிட்டா. அன்னைக்குச் சாக்கடையில சீட்டைப் போட்டியளே, அப்ப வந்துச்சு எனக்கு அருவருப்பு. மீன்மேல இல்ல, உங்க மேல. நாறுதேன் நாறுதேன்னு குளிச்சுக்கிட்டே இருந்தியளே, எனக்கு அந்த நாத்தம் ஒரு நாளும் பெரிசாத் தெரியல."

பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்தார். கண்மலர் சாத்தி மார்தட்டியது ஞாபகம் வந்தது. சிரட்டையைத் தட்டிவிட்ட கால் ஞாபகம் வந்தது. அந்தக் காலைப் பார்த்தார். சந்தனம் மணக்கிற கையைப் பார்த்தார். தன்னை நினைக்க அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரயிலில் அந்த அம்மாள் சொன்ன நாசமாப் போறவன் தான்தான் என்று இப்போது தோன்றியது.

மறுநாள் அந்தக் கூஜாவைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். கொட்டகையில் ஒரே அமர்க்களம். கொச்சி இன்ஜினீயர் அன்றைக்குத்தான் வந்திருந்தார். தாசையன் கோட்டு போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றான். கேட்டால் அவனே ஒரு குப்பி நிறையக் கொடுத்திருப்பான், பிள்ளைக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தான் அடைத்ததைத் தானே திறக்க வேண்டும் என்று, அவர் யாரிடமும் கேட்கவில்லை. நேரே ஏணியில் ஏறினார். மூன்றாவது ஜாயிண்டின் வளையத்தில் ஸ்பானரைப் போட்டு, கால் சுற்று தளர்த்தினார்.

கோலப்பொடி கறுத்தது. சொட்! அவர் புறங்கையில் விழுந்தது. துடைக்கவில்லை.

"அண்ணாச்சி, என்ன காரியம் செய்யுதீர்! ஐயா பாக்க வந்திருக்காவ!"

"மத்த ஆறையும் பாக்கட்டும். இது சொட்டும். சொட்டத்தான் செய்யும்."

இன்ஜினீயர் அண்ணாந்து பார்த்தார், சொட்டுவதைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிச்சையா கூஜா அந்தக் கொட்டகையைத் தாண்டி வேறெங்கும் போகவில்லை. தாசையன் ஒரு மாதம் பேசவில்லை.

பிள்ளை இறங்கி வந்து சுற்றிலும் தேடினார். ரோஸ் தன் பக்கத்திலிருந்த சிரட்டையைக் காலால் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டாள். அவர் குனிந்து எடுத்தார், கழுவினார், தன் கையாலேயே வைத்தார்.

"ஏன் பிட்டரண்ணே, இப்ப நாறலியா?" என்றாள்.

"நாறுதுளா. வயித்தைப் புரட்டுது," என்றார் பிள்ளை. அதுதான் உண்மை. அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சாயங்காலத்துக்குள் சிரட்டை முக்கால்வாசி நிறைந்தது. கூஜாவில் ஊற்றி மூடியைத் திருகினார். கை முழுவதும் எண்ணெய், வேட்டியிலும் எண்ணெய். சாலைத் தெரு முழுக்க மூக்கைப் பிடித்தது. தெரிந்தவர் ஒருத்தர், "என்ன பிள்ளைவாள், கூஜாவில என்ன?" என்று கேட்டார்.

"சுறா எண்ணெய்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

முன்வாசல் வழியாகவே நுழைந்தார். வெளிச்சம் மங்கியிருந்தது. பகவதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தத் தடவை யாரது என்று கேட்கவில்லை. மூக்கைச் சுளித்து இழுத்தது. கையை நீட்டிக்கொண்டு, தடவாமல், இடிக்காமல், நேரே அவர் நின்ற இடத்துக்கு ஓடிவந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டது.

வடிவாம்பாள் கரண்டியைக் கொண்டுவந்தாள். பிள்ளை ஊற்றினார். ஊற்றும்போதே அவருக்குத் தொண்டை வரை புரட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையின் வாயில் விட்டார். அது கண்ணை மூடி விழுங்கியது. கரண்டியையும் நக்கியது.

"உனக்குக் குமட்டலையாட்டி?"

"இல்லப்பா. இது உங்க வாசந்தானே," என்றது பகவதி.

பிள்ளை எழுந்து கிணற்றடிக்குப் போனார். செங்கல்பொடியும் புளியும் சீயக்காயும் வழக்கம்போல எடுத்து வைத்திருந்தது. புளியைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு கையைக் கழுவாமலே உள்ளே வந்து, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.